வல்லாள மகாராஜா யார்? பெங்களூரின் பயறுக் கதையும் திருவண்ணாமலையின் திதியும்

மாசி மகத்தை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களில் ஒரு செய்தி வருகிறது. திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, வல்லாள மகாராஜாவுக்கு மகன் முறையில் திதி கொடுத்தார் என்பதே அச்செய்தி. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குப் பேருந்து ஏறும் பெங்களூர்த் தமிழர்களுக்கு இது புதிதன்று. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வீர வல்லாளன், வேட்டையாட வந்து காட்டில் வழி தவறி, ஒரு மூதாட்டி கொடுத்த வெந்த பயற்றைத் தின்று பசியாறி, அந்த நன்றியில் இந்த ஊருக்கே ‘பெந்த காளூரு’ (கன்னடத்தில் ‘வெந்த பயறு ஊர்’) என்று பெயரிட்ட மன்னர். வாட்ஸ்அப்பில் சுற்றும் மூன்றாவது வல்லாளனோ, மதுரை சுல்தானால் கொல்லப்பட்டு, தோல் உரிக்கப்பட்டுக் கோட்டைச் சுவரில் தொங்கவிடப்பட்டவர். இந்த மூவரும் ஒருவர்தானா, வேறு வேறு ஆட்களா என்ற கேள்வி நியாயமானது.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். திருவண்ணாமலையில் திதி பெறுபவராக இன்று கொள்ளப்படுபவரும் மதுரைச் சுவரில் தொங்கவிடப்பட்டவரும் ஒருவரே. அவர் போசள அரசர் மூன்றாம் வீர வல்லாளன். பயறுக் கதையின் நாயகர் எந்த வல்லாளன் என்று உறுதிப்படுத்த வழியில்லை. அந்தக் கதை சொல்வது நடந்திருக்கவும் வாய்ப்பில்லை. இப்படிச் சொல்வதற்கான காரணங்கள் கீழே.

போசளரும் வல்லாளர்களும்

கன்னடத்தில் ஹொய்சளர் எனப்படும் மரபையே தமிழ்க் கல்வெட்டுகள் போசளர் என்கின்றன. இன்று ஹளேபீடு என வழங்கும் துவாரசமுத்திரம் அவர்களுடைய தலைநகரம். 1004 வாக்கில் சோழர்கள் கங்கர் ஆண்ட கங்கபாடியைக் கைப்பற்றியபின், இன்றைய பெங்களூர், கோலார் பகுதிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சோழ ஆட்சியில் இருந்தன. 1116 வாக்கில் போசள அரசர் விஷ்ணுவர்த்தனன் காவிரிக்கரையில் உள்ள தலைக்காட்டைப் பிடித்தபோது அவை போசளர் கைக்கு மாறத் தொடங்கின. ஆட்சி மாறியும் எழுத்து மாறவில்லை. கோயில் கொடைகள் இப்பகுதியில் தொடர்ந்து தமிழிலும் வெட்டப்பட்டன.

வல்லாளன் என்ற பெயரில் இந்த மரபில் நால்வர் உண்டு. மக்கள் நினைவில் நிற்பவர்கள் இருவர்: 1173 முதல் 1220 வரை ஆண்ட இரண்டாம் வல்லாளன், 1292 வாக்கில் அரசேறி 1342 வரை ஆண்ட மூன்றாம் வல்லாளன். இருவருக்கும் ‘வீர’ என்ற அடைமொழி உண்டு. குழப்பத்தில் பாதி இங்கேயே பிறக்கிறது.

மூன்றாம் வல்லாளன் ஆண்ட நாட்டைப் புரிந்துகொள்ள, அவருடைய பாட்டனார் சோமேசுவரன் காலத்துக்குப் போக வேண்டும். சோமேசுவரன் காவிரிக்கரைக்கு வந்து, இன்றைய சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் தம் தலைநகரை அமைத்துக்கொண்டவர். அவருக்குப்பின் நாடு இரண்டாகப் பிரிந்தது. துவாரசமுத்திரம் நரசிம்மனுக்கும், தமிழ்ப் பகுதிகளோடு பெங்களூர், கோலார் வட்டாரங்கள் இராமநாதனுக்கும் போயின. பாண்டியர்கள் கண்ணனூரைப் பறித்துக்கொண்ட பிறகு இராமநாதன் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டார். நரசிம்மனின் மகனே நம் மூன்றாம் வல்லாளன். இராமநாதனும் அவர் மகனும் மறைந்தபின், 1300 வாக்கில் இரண்டு பங்குகளையும் மறுபடியும் ஒன்றாக்கியவர் அவர்.

எந்தச் சான்று எதைச் சொல்லும்?

ஒரே மன்னரைப் பற்றி நான்கு வகையான சான்றுகள் பேசுகின்றன. அவற்றைக் கலந்து படிப்பதால்தான் சிக்கல் வருகிறது.

1. கல்வெட்டு: நிகழ்ந்த காலத்திலேயே பொறிக்கப்படுவது. கொடை, வரி, எல்லை, ஆண்டு ஆகியவற்றில் நம்பகமானது. அரசரின் புகழைச் சொல்லும் இடத்தில் மிகையும் இருக்கும்.

2. பயணியின் குறிப்பு: நேரில் கண்டவரோ, கண்டவர்களிடம் கேட்டவரோ எழுதியது. எண்ணிக்கைகளை அப்படியே நம்பக்கூடாது. காட்சிகளை எளிதில் தள்ளிவிடவும் கூடாது.

3. தலபுராணம்: ஒரு தலத்தின் பெருமையைப் பாட எழுந்த இலக்கியம். அதன் நோக்கம் பக்தி. ஆண்டும் போரும் அதற்குப் பொருட்டல்ல.

4. செவிவழிக் கதை: யார் முதலில் சொன்னார் என்று தெரியாமல் வழிவழியாக வருவது. ஒரு வட்டாரம் தன்னை எப்படிப் பார்க்கிறது என்பதை அது காட்டும்.

பயறுக் கதை ஏன் நிற்காது

பெங்களூரின் தெற்கே பேகூரில் உள்ள நாகேசுவரர் கோயிலில் ஒரு நடுகல் இருக்கிறது. போரில் இறந்த வீரனுக்காக நட்டு, அவன் இறந்த விதத்தைப் படமாகவும் எழுத்தாகவும் பொறிப்பது நடுகல். சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்தக் கன்னடக் கல், நாகத்தரன் என்பவரின் வீட்டைச் சேர்ந்த ஒருவர் ‘பெங்களூருப் போரில்’ உயிர்விட்டதைச் சொல்கிறது. இரண்டாம் வல்லாளன் அரசேறுவதற்கு ஏறத்தாழ 280 ஆண்டுகள் முன்பே, மூன்றாம் வல்லாளனுக்கு 400 ஆண்டுகள் முன்பே இந்தப் பெயர் இங்கே புழக்கத்தில் இருந்திருக்கிறது. ஆகவே இரு வல்லாளர்களில் எவரும் பெயர் சூட்டியிருக்க முடியாது. வேட்டைக்குப் போன அரசன் வழி தவறி ஏழையின் கையால் உண்பது நாடெங்கும் வழங்கும் கதை வடிவம். தெரிந்த ஓர் அரசரின் பெயர் அதில் பின்னர் வந்து ஒட்டிக்கொள்வது இயல்பு. பெயர் ஒட்டிக்கொண்ட அரசர் கங்கராகவோ சோழராகவோ இல்லாமல் போசளராக இருப்பது மட்டும் கவனிக்கத்தக்கது. இந்த மண்ணில் அந்தப் பெயர் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு.

1301: கோயில் தானத்தாருக்கு ஒரு தமிழ் ஆணை

இரண்டு பங்குகளையும் ஒன்றாக்கிய கையோடு, 1301இல் மூன்றாம் வல்லாளன் ஓர் ஆணை பிறப்பித்தார். அது குந்தாணி இராச்சியத்தையும், குவளாலநாடு என அக்காலத்தில் வழங்கிய கோலார்ப் பகுதியையும், கைவார நாட்டையும், இன்று நாம் எலகங்கா எனச் சொல்லும் இலைப்பாக்க நாட்டையும் உள்ளிட்ட பல நாடுகளில் இருந்த மடங்களின் தலைவர்களான மடபதிகளுக்கும், கோயில் நிர்வாகிகளான தானத்தாருக்கும் எழுதப்பட்டது. கோயில் நிலங்கள்மேல் இருந்த பல வரிகளை நீக்கியிருக்கிறோம். அந்த வருவாயைக் கொண்டு பூசையையும் திருப்பணியையும் குறைவின்றி நடத்தி, நமக்கும் நம் இராச்சியத்துக்கும் நன்மை வேண்டி இருங்கள் என்பது அதன் சாரம். இதே ஆணை பெங்களூர், கோலார் வட்டாரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் தமிழில் வெட்டப்பட்டுள்ளது.

இந்த ஆணையைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். அது எழுதப்பட்ட நாடுகள் பெரும்பாலும், சில ஆண்டுகளுக்கு முன்புவரை இராமநாதனின் கிளைக்கு உரியவை. நேற்றுவரை எதிர்த்தரப்பில் இருந்த குடிகளை நெருங்க, அரசர் அவர்களுடைய கோயில்களின் வழியை நாடினார். அவர்களுடைய மொழியிலேயே பேசினார். மூன்றாம் வல்லாளனைக் கன்னட அரசர் என்றோ தமிழ் அரசர் என்றோ ஒரு பக்கமாக இழுக்கும் இன்றைய வாதங்களுக்கு இந்தக் கல் இடம் கொடுப்பதில்லை. ஆட்சிமொழி இடத்துக்கு இடம் மாறிய ஒரு காலத்தின் அரசர் அவர். பெங்களூர் அப்போது அந்த இரண்டு மொழிகளும் சந்தித்த இடத்தில் இருந்தது.

1311 முதல் 1342 வரை

அடுத்த முப்பது ஆண்டுகளின் நிகழ்ச்சிகளை வரிசைப்படி தெரிந்துகொண்டால்தான் திருவண்ணாமலைக் கதை விளங்கும்.

1. பாண்டிய நாட்டில் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காகப் போரிட்டபோது, அதைப் பயன்படுத்திக்கொள்ள வல்லாளன் தெற்கே படையெடுத்துச் சென்றார். அந்த நேரத்தில், 1311இல், டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் கபூர் துவாரசமுத்திரத்தின் வாசலில் வந்து நின்றார். வல்லாளன் விரைந்து திரும்பிப் பணிந்தார். யானைகளையும் குதிரைகளையும் செல்வத்தையும் கொடுத்ததோடு, கபூரின் படை பாண்டிய நாட்டுக்குப் போக வழியும் காட்டினார்.

2. அவருடைய மகன் டெல்லிக்கு அனுப்பப்பட்டு, 1313இல் திரும்பி வந்தார். வல்லாளனுக்கு மகன் இருந்தார் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. 1327இல் அப்போதைய டெல்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் நெருங்கிய உறவினரான பகாவுதீன் குர்ஷாஸ்ப் கிளர்ச்சி செய்து தோற்று, கம்பிலி அரசரிடம் தஞ்சம் புகுந்தார். கம்பிலி வீழ்ந்ததும் வல்லாளனிடம் வந்தார். வல்லாளன் அவரைப் பிடித்து டெல்லிப் படையிடம் ஒப்படைத்தார். துக்ளக் அவருடைய தோலை உரித்து, வைக்கோல் அடைத்து ஊர் ஊராகக் காட்டச் செய்தார்.

4. அந்தக் காலகட்டத்திலேயே துவாரசமுத்திரம் மீண்டும் அழிவைக் கண்டது. வல்லாளன் திருவண்ணாமலையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். உண்ணாமலைப் பட்டணத்திலிருந்து ஆள்பவர் என்று கல்வெட்டுகள் அவரைக் குறிக்கத் தொடங்குவது இதன் பிறகுதான்.

5. 1335 வாக்கில் மதுரையில் துக்ளக்கின் ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அசன் தன்னைச் சுல்தானாக அறிவித்துக்கொண்டார். மதுரை சுல்தானியத்துக்கும் வல்லாளனுக்கும் இடையே காவிரிக்கரை போர்க்களமாயிற்று.

கண்ணனூரில் நடந்தது

முடிவைச் சொல்பவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. ஜலாலுதீன் அசனின் மகள் ஒருவரை அவர் மணந்திருந்தார். வல்லாளனைக் கொன்ற சுல்தான் கியாசுதீன் தமகானி மணந்திருந்தது மற்றொரு மகளை. ஆக, சுல்தானின் அரண்மனைக்குள் உறவுமுறையோடு நுழைந்த மனிதர் எழுதிய குறிப்பு இது. போர் நடந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் மதுரைக்கு வந்தவர் அவர்.

அவர் சொல்வது இது: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு வல்லாளன் கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிட்டார், அப்படையில் இருபதாயிரம் முஸ்லிம் வீரர்களும் இருந்தனர். கோட்டைக்குள் உணவு தீரும் நிலை வந்தது. சரணடைந்தால் பாதுகாப்பாக வெளியேறலாம் என்றார் வல்லாளன். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்று உள்ளே இருந்தவர்கள் கேட்க, 14 நாள் அவகாசம் கொடுத்தார். அந்த அவகாசமே அவருக்கு எமனாயிற்று. கடிதம் மதுரை போய்ச் சேர்ந்தது. சில ஆயிரம் பேர் கொண்ட சுல்தானின் படை சாவுக்குத் துணிந்து கிளம்பி வந்தது. உச்சி வெயிலில் முகாம் ஓய்ந்திருந்த நேரம். குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வந்தவர்களைத் திருடர்கள் என்று எண்ணி ஆயத்தமில்லாமல் வெளியே வந்தவர்கள் சிதறினர். எண்பது வயதான அரசர் குதிரை ஏற முயன்றபோது, சுல்தானின் உறவினர் நாசிருதீன் அவரை யாரென்று தெரியாமலே வெட்டப்போனார்; இவர்தான் அரசர் என்று ஓர் அடிமை சொன்னதால் உயிரோடு பிடித்தார். விடுவிப்பதாகச் சொல்லி அவருடைய செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் வாங்கிக்கொள்ளும்வரை சுல்தான் மரியாதையாக நடத்தினார். பிறகு கொன்று, தோலுரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார். அங்கே அது தொங்கியதைத் தாம் கண்டதாக இபின் பதூதா எழுதுகிறார்.

இதில் ஒரு லட்சம் என்பது மிகையாக இருக்கலாம். சுவரில் கண்டதாகச் சொல்வதை மறுக்கக் காரணமில்லை. தம் பாட்டனார் அமைத்த தலைநகரத்தை மீட்கப் போன இடத்திலேயே வல்லாளன் பிடிபட்டார் என்பதை இபின் பதூதா அறிந்திருக்கவில்லை. அவருக்கு அது இன்னொரு கோட்டை.

இலக்கியத்திலும் இந்தத் தோல்வி பதிந்திருக்கிறது. விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரையை வென்றதை அவருடைய தேவி கங்காதேவி வடமொழியில் ‘மதுரா விஜயம்’ என்ற காவியமாகப் பாடினார். போர்க்களத்தில் எதிர்நிற்கும் சுல்தானை, வல்லாளனின் செல்வம் என்னும் கொடியை வெட்டிய கோடரி என்று அதில் வருணிக்கிறார். ஒரு தலைமுறைக்குப் பின்னும் அந்த வீழ்ச்சி மறக்கப்படவில்லை.

அண்ணாமலையார் மகனான கதை

சைவ எல்லப்ப நாவலர் பாடிய ‘அருணாசல புராண’த்தில் வல்லாள மகாராஜனுக்கென்றே ஒரு சருக்கம் உண்டு. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுப்பது என்று விரதம் பூண்ட அரசருக்கு மல்லமாதேவி, சல்லமாதேவி என்று இரு மனைவியர், பிள்ளை இல்லை. சிவபெருமான் சிவனடியார் கோலத்தில் வந்து, தமக்கு ஒரு தாசி வேண்டும் என்கிறார். அன்று ஊரில் உள்ள தாசியர் எல்லோரும் வேறு இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதுவும் இறைவன் செயல்தான். சொன்ன சொல் தவறும் நிலையில் அரசர் கலங்க, இளைய தேவி சல்லமாதேவி தானே போக முன்வருகிறாள். அவள் தொட்டதும் அடியார் பச்சிளங்குழந்தையாகிறார். அரசரும் தேவியரும் வாரி அணைக்க, குழந்தை மறைகிறது. உமக்கு நாமே மகன். உம் இறுதிக் கடனை நாமே செய்வோம் என்று இறைவன் வரம் தருகிறார்.

அந்த வரம் இன்றும் நிறைவேற்றப்படுகிறது. தை மாதத்தில் தீர்த்தவாரி முடிந்து சுவாமி திரும்பும்போது மன்னர் மறைந்த சேதி தெரிவிக்கப்படுகிறது. அதன்பின் மேளதாளம் கிடையாது, அமைதியாகவே கோயிலுக்குள் போகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரையில் திதி. கொட்டும் முழக்கும் இல்லாமல் உற்சவர் திரும்புவதை ஒருமுறை பார்த்தவருக்கு, இறந்தவர் ஏதோ ஒரு பழங்கால அரசர் என்ற எண்ணம் மாறிவிடும். அந்த ஊர் ஒரு சாவுக்கு இன்னும் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறது.

முரணை எப்படிப் புரிந்துகொள்வது?

வரலாற்று வல்லாளனுக்கு மகன் இருந்தார். புராண வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று பொய் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் மூன்று செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கதையின் எலும்புக்கூடு பழையது. அடியார் கேட்டதால் மனைவியைக் கொடுத்த இயற்பகை நாயனாரைப் பெரியபுராணத்தில் படித்தவர்களுக்கு, சல்லமாதேவி கதை எங்கிருந்து வடிவம் பெற்றது என்பது உடனே புலப்படும். பிள்ளையில்லாத அன்பருக்கு இறைவன் திதி கொடுப்பதும் திருவண்ணாமலைக்கு மட்டும் உரியதன்று; கும்பகோணம் சார்ங்கபாணி கோயிலிலும், கோபுரம் கட்டிய லட்சுமி நாராயண சுவாமி என்ற பக்தருக்குத் தீபாவளி அமாவாசையில் பெருமாள் திதி கொடுக்கிறார்.

இரண்டாவது, வல்லாளனின் உடல் அவருடைய ஊருக்கு வரவில்லை. தோல் மதுரைச் சுவரில் தொங்கியது. தகனமும் கடனும் முறைப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை.

மூன்றாவது, மகன் இருந்தும் மரபு நிற்கவில்லை. அந்த மகனான நான்காம் வல்லாளன் 1346 வாக்கோடு வரலாற்றிலிருந்து மறைகிறார். நாடு விஜயநகரச் சங்கம மரபினரிடம் போகிறது. ஆண்டுதோறும் திதி கொடுக்க அரச குடும்பத்தில் எவரும் எஞ்சவில்லை.

இந்த மூன்றையும் கோத்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: பதினைந்து ஆண்டுகள் தங்கள் ஊரில் இருந்து ஆண்ட ஒருவர் கடன் செய்யப்படாமல் போனதை திருவண்ணாமலை ஏற்கவில்லை. அதைச் செய்யும் உரிமையைத் தம் தெய்வத்திடமே ஒப்படைத்தது; அதற்கான காரணக் கதையை, தனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த நாயன்மார் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது. இது என் ஊகம். கல்வெட்டுச் சான்று இதற்கு இல்லை. ஆனால் புராணம் அரசரின் வீரத்தைப் பாடாமல் அவருடைய ஈமக்கடனையே மையமாக வைத்திருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய வாதங்களில் கவனிக்க வேண்டியவை

வல்லாளனின் மரணத்தை மத மோதலாக மட்டும் சுருக்கும் பதிவுகள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகின்றன. அவருடைய படையிலேயே முஸ்லிம் வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எதிர்த்தரப்புக்காரரான இபின் பதூதாவே இதைச் சொல்கிறார். அதைவிட முக்கியமானது குர்ஷாஸ்ப் முடிவு. துக்ளக் தம் சொந்த உறவினரான ஒரு முஸ்லிமுக்குக் கொடுத்த அதே தண்டனை, அவரைப் பிடித்துக் கொடுத்த வல்லாளனுக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. தோற்றவனின் உடலைக் காட்சிப்பொருளாக்கி அச்சமூட்டுவது அக்கால அரசியலின் கொடூரமான வழக்கம். அது மதம் பார்த்துக் கொடுக்கப்பட்டதன்று. சுல்தானின் செயலை இது நியாயப்படுத்தாது; கொடுத்த வாக்கை மீறி ஒரு முதியவரைக் கொன்றது கொடுமைதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்கள் இன்று வல்லாளனைத் தம் முன்னோர் என்று கொண்டாடுகின்றன. போசள மரபு வீழ்ந்து ஏறத்தாழ 680 ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய ஆணைகள் நாட்டாருக்கும் மடபதிகளுக்கும் கோயில் தானத்தாருக்கும் எழுதப்பட்டவை. இன்றைய சாதிப் பெயர்களை வைத்து அவற்றைப் படிக்க முடியாது.

பெங்களூரில் பார்க்க

நூல்களைத் தேடிப் போகாமலே இந்த வரலாற்றின் கற்களைப் பார்க்கலாம். பேகூர் நாகேசுவரர் கோயிலில் 890ஆம் ஆண்டு நடுகல் இருக்கிறது. மடிவாளாவின் சோமேசுவரர் கோயில் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் 1247ஆம் ஆண்டுக் கொடை ஒன்று வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் குறிப்பிடுகிறது. மூன்றாம் வல்லாளன் காலத்துக் கொடையும் அதே கோயிலில் பதிவாகியிருக்கிறது. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில், நாட்டின் மற்றொரு பங்கை ஆண்ட இராமநாதன் 1290இல் அவ்வூர் வருவாயிலிருந்து பத்துப் பொன் கொடுத்த செய்தி இருக்கிறது. மூன்றும் பூசை நடக்கும் கோயில்கள். எழுத்துகள் சில இடங்களில் சுண்ணாம்பும் எண்ணெயும் ஏறி மங்கியிருக்கும். காலை வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் எழுத்தின் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும்.